ஞானப்பல்: எடுப்பதா, விடுவதா?

கல்லூரியில் நான் பொருளியல் கற்பித்த காலத்தின் கடைசிப் பத்தாண்டுகளில், மாணவர்களின் விடுப்புக் கடிதங்களில் புதிதாக ஒரு காரணம் இடம்பெறத் தொடங்கியது. காய்ச்சல், அக்காள் திருமணம், ஊர்த் திருவிழா என்ற வழக்கமான காரணங்களோடு 'ஞானப்பல் அறுவைச் சிகிச்சை' என்பதும் சேர்ந்துகொண்டது. எழுதுபவருக்கு வயது 19 அல்லது 20 இருக்கும். நான்கைந்து நாள்கள் கழித்து, கன்னம் வீங்கி, வாயைப் பாதிதான் திறக்க முடியும் என்ற நிலையில் வகுப்புக்கு வருவார். 'பல் மிகவும் வலித்ததா?' என்று கேட்டால், 'இல்லை ஐயா, வேறொரு பல்லை அடைக்கப் போனேன். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஞானப்பல் நான்கையும் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள்' என்பதே பலரிடமிருந்து வந்த பதில். மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லவிருந்த சிலர், அங்கே செலவு தாங்காது என்று அஞ்சி, விசாவுக்கு விண்ணப்பித்த கையோடு பல்லையும் எடுத்துக்கொண்டு கிளம்பினர்.

அதே ஆண்டுகளில் கல்லூரியில் தோட்ட வேலை பார்த்த ஒருவர், கடைவாயில் வந்துவந்து போன வலிக்கு ஏழெட்டு மாதங்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியே சமாளித்து வந்தார். ஒரு நாள் சென்றால் ஒரு நாள் கூலி போகும் என்பது அவர் கணக்கு. இறுதியில் தாடைக்கடியில் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பத்து நாள்களுக்கு மேல் படுக்கையில் இருந்தார். அவருக்கும் காரணம் ஞானப்பல்தான்.

வலியே இல்லாதவருக்கு நான்கு பற்களும் எடுக்கப்படுகின்றன. எடுத்தே ஆக வேண்டியவருக்கு ஒன்றும் எடுக்கப்படவில்லை. இந்த முரண்தான் என்னை இப்பொருள் பற்றிப் படிக்கத் தூண்டியது. நான் மருத்துவன் அல்லன். மருத்துவச் சேவைகளின் பொருளியலில் நீண்ட காலமாக ஈடுபாடு கொண்டவன். தவிர, 63-ஆம் வயதில் கீழ்த்தாடையில் ஒரு ஞானப்பல்லை எடுத்துக்கொண்டவன் என்ற சிறு தகுதியும் உண்டு.

மனிதருக்கு நிலைப்பற்கள் 32 என்று பள்ளியில் படிக்கிறோம். அவற்றுள் 28 பற்கள் ஏறத்தாழ 13 வயதுக்குள் வந்துவிடுகின்றன. மீதி நான்கும், மேலே இரண்டு, கீழே இரண்டு என, 17 முதல் 25 வயதுக்குள் வரிசையின் கடைக்கோடியில் முளைக்கின்றன. அறிவு முதிரும் பருவத்தில் வருவதால் இப்பெயர் என்பார்கள். ஜப்பானியர் இதற்கு 'பெற்றோர் அறியாதது' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கின்றனர். பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரின் கண்காணிப்பைக் கடந்தபின் முளைப்பது என்பதால். எல்லோருக்கும் நான்கும் உருவாவதில்லை. உலக அளவிலான ஆய்வுத் தொகுப்புகளின்படி, ஐந்தில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. அதில் குறை ஏதுமில்லை.

சிக்கல், இடம் போதாமையில் தொடங்குகிறது. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் உண்ட முன்னோரின் தாடை நீண்டிருந்தது. வேளாண்மையும் சமைத்த உணவும் வந்தபின், மெல்லும் உழைப்புக் குறைந்து, தாடையின் வளர்ச்சியும் குறுகியது என்பது மானிடவியலார் பலர் ஏற்கும் விளக்கம். தாடை குறுகிய அளவுக்குப் பற்களின் எண்ணிக்கை குறையவில்லை. கடைசியாக வரும் விருந்தினருக்குப் பந்தியில் இலை இல்லாததுபோல, ஞானப்பல் முழுவதுமாக எலும்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அல்லது பாதி வெளியே எட்டிப்பார்த்து நின்றுவிடுகிறது. அல்லது சாய்ந்து முன்பல்லின் மேல் முட்டுகிறது. முன்னோக்கிச் சாய்ந்து நிற்பதே மிக அதிகமாகக் காணப்படும் வகை. நேராக நிற்பது, முற்றிலும் படுத்துக்கிடப்பது, பின்னோக்கிச் சாய்வது ஆகியவை மற்ற வகைகள். பின்னோக்கிச் சாய்ந்த கீழ்ப்பல்லை எடுப்பது பெரும்பாலும் கடினம். எக்ஸ்-ரே படத்தைப் பார்த்து மருத்துவர் முதலில் கணிப்பது இந்தச் சாய்வைத்தான்.

முழுவதும் புதைந்த பல்லைவிடப் பாதி முளைத்த பல்தான் அதிகத் தொல்லை தரும். அதன் மேல் ஈறு ஒரு மூடியைப்போலப் படிந்திருக்கும். அந்த மூடிக்கடியில் உணவுத்துகள் சேர்ந்து, கிருமிகள் பெருகி, ஈறு வீங்கும்; வாயைத் திறக்க இயலாது; துர்நாற்றம் வரும்; சில வேளை காய்ச்சலும் வரும். சில நாள்களில் தணிந்து, சில மாதங்களில் மீண்டும் வரும். சாய்ந்த பல்லுக்கும் அதன் முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லுக்கும் இடையே பல்துலக்கி எட்டாத ஓர் இடுக்கு உருவாகிறது. அங்கே தொடங்கும் சொத்தை, பயனற்ற ஞானப்பல்லை மட்டுமல்ல, நாள்தோறும் நாம் மெல்லப் பயன்படுத்தும் நல்ல பல்லையும் அரிக்கும். எனக்கு நேர்ந்தது இதுவே. அரிதாக, புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகித் தாடை எலும்பைக் கரைப்பதும் உண்டு.

மீண்டும் மீண்டும் வரும் ஈறழற்சி, அடைக்க இயலாத சொத்தை, முன்பல்லுக்குச் சேதம், நீர்க்கட்டி, சீழ் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பல்லை எடுக்க வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. கருத்து வேறுபாடு, தொல்லை தராத ஞானப்பல்லைப் பற்றியது. பிரிட்டனில் மருத்துவச் சிகிச்சைகளின் தரத்தையும் செலவுப்பயனையும் மதிப்பிடும் 'நைஸ்' என்ற அமைப்பு, 2000-ஆம் ஆண்டில் தன் முதல் மதிப்பீட்டு வழிகாட்டுதலை வெளியிட்டபோது, அதற்கு எடுத்துக்கொண்ட பொருள் ஞானப்பல்தான். நோயற்ற, சிக்கிய ஞானப்பற்களை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்கும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும் என்று அது கூறியது. ஈறழற்சி கடுமையாக இல்லாதவரை, முதல் முறை வந்ததும் பல்லை எடுக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை வந்தால் எடுக்கலாம் என்றும் வகுத்தது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 2007-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் ஜே ஃப்ரீட்மன் என்ற பல் மருத்துவர் எழுதிய கட்டுரை, ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு ஒரு கோடி ஞானப்பற்கள் எடுக்கப்படுவதாகவும், அதற்கான செலவு 300 கோடி டாலரைத் தாண்டுவதாகவும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது தேவையற்றவை என்றும் வாதிட்டது. அந்நாட்டு வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் சங்கம் இதை ஏற்கவில்லை. வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இளம் வயதில் வேர் முழுவதும் வளராத நிலையில், எலும்பு இளகியிருக்கும்போது எடுப்பது எளிது. வயது ஏறஏறச் சிக்கல்கள் கூடும் என்பது அவர்கள் தரப்பு.

அத்தரப்பில் உண்மை இல்லாமலில்லை. பிரிட்டனில் 2000-க்குப் பின் ஞானப்பல் எடுத்துக்கொள்வோரின் சராசரி வயது இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுகளுக்கு உயர்ந்தது. முன்பல்லில் சொத்தை விழுந்தபிறகு வருவோரும் பெருகினர். ஆனால், தொல்லையற்ற பல்லை எடுப்பது நல்லதா, விட்டுவைப்பது நல்லதா என்று உலக ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் குழு, இரண்டில் எதையும் உறுதிப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றே 2020-இலும் கூறியது. சான்று இல்லாத இடத்தில் மருத்துவரின் பழக்கமும் நோயாளியின் அச்சமும் பணமும் முடிவெடுக்கின்றன.

இங்கேதான் என் துறை குறுக்கிடுகிறது. 1963-இல் கென்னத் ஏரோ, மருத்துவம் ஏன் மற்ற சந்தைகளைப் போன்றதல்ல என்று விளக்கினார். கத்தரிக்காய் வாங்குபவருக்குத் தமக்கு எத்தனை கிலோ தேவை என்று தெரியும். மருத்துவத்தில், எவ்வளவு தேவை என்று சொல்பவரும் அதை விற்பவரும் ஒருவரே. பத்தாண்டுகள் கழித்து, 1973-இல் டார்பி, கார்னி என்ற இருவர், வாங்கிய பிறகும் அது தேவைப்பட்டதா என்று வாங்கியவர் அறிய முடியாத பண்டங்களைத் தனி வகையாகப் பிரித்தனர். எடுத்துவிட்ட பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது இருந்திருந்தால் தொல்லை தந்திருக்குமா?' என்று யார் சொல்ல முடியும்? சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தனர். சிகிச்சை தேவைப்படாத ஒருவரை 180 பல் மருத்துவர்களிடம் அனுப்பினர். 28 விழுக்காட்டினர் தேவையற்ற சிகிச்சையைப் பரிந்துரைத்தனர். காத்திருப்புப் பட்டியல் குறுகியதாக இருந்த, அதாவது நாற்காலி காலியாகக் கிடந்த மருத்துவர்களிடம் இப்போக்குக் கூடுதலாக இருந்தது.

நூறில் 72 பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மருத்துவர்கள் மீது ஐயம் கொள்ளுங்கள் என்பதல்ல என் வாதம். கேள்வி கேளுங்கள் என்பதே. 'இந்தப் பல்லில் இப்போது என்ன நோய் இருக்கிறது? எடுக்காவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு காலத்தில்? நான்கையும் எடுக்கச் சொல்வதற்கு ஒவ்வொரு பல்லுக்கும் தனிக் காரணம் உண்டா?' என்று கேட்டால், நல்ல மருத்துவர் எவரும் முகம் சுளிக்க மாட்டார். படத்தைத் திரையில் காட்டி விளக்குவார். எக்ஸ்-ரே படம் நாம் பணம் கொடுத்து எடுத்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் காட்டலாம். சிகிச்சையின் தன்மை, மாற்றுவழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை விளக்கிய பின் பெறும் ஒப்புதலே ஒப்புதல் என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்தை வாங்கிக்கொள்வது அதற்கு ஈடாகாது.

'ஞானப்பல் தள்ளுவதால் முன்பற்கள் நெருங்கிக் கோணலாகிவிடும், அதனால் எடுத்துவிட வேண்டும்' என்ற காரணத்தையும் அடிக்கடி கேட்கிறோம். பற்களுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கேட்டு அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் இக்கூற்றை உறுதிப்படுத்தவில்லை. ஞானப்பல்லே உருவாகாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருங்குகின்றன.

எடுப்பது என்று முடிவானால், முதற்படி ஓ.பி.ஜி. எனப்படும் முழுத்தாடை எக்ஸ்-ரே. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியே செல்கிறது. ஞானப்பல்லின் வேர் அக்கால்வாயைத் தொடுவதுபோலத் தெரிந்தால், முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. வேர் நரம்போடு பிணைந்திருந்தால், பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டு. 'பாதிப் பல்லை உள்ளே விட்டுவிட்டார்' என்று மருத்துவரைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உள்ளன. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய வால்வுச் சிகிச்சை, ஒவ்வாமை, கருவுற்றிருப்பது, கருத்தடை மாத்திரை உட்கொள்வது, கழுத்துக்கோ தாடைக்கோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. என் வயதினருக்கு இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபாரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எடுத்துக்கொள்வோர், பல் எடுக்கப் போகிறோம் என்று தாமாகவே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. பல்குழியில் வரும் இரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்தலாம். இதயக் குழாயில் உண்டாகும் அடைப்பு அப்படியன்று. அடுத்து, எலும்புத் தேய்மானத்துக்காக அலெண்ட்ரோனேட் மாத்திரையோ ஸோலெட்ரோனிக் அமில ஊசியோ போட்டுக்கொண்டவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்துச் சிறிதளவு உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசி என்பதால், பல் மருத்துவர் கேட்கும்போது பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை.

பெரும்பாலோருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டுமே போதும். அவர்கள் அளவாகச் சாப்பிட்டுவிட்டுச் செல்ல வேண்டும். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் மயக்கம் வரும். முழு மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டுமே பட்டினி. 1844, டிசம்பர் 11-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசித்துக்கொண்டு தம் கடைவாய்ப்பல் ஒன்றை நண்பரைக் கொண்டு எடுக்கச் செய்தார். அறுவைச் சிகிச்சையில் வலி நீக்கத்தின் வரலாற்றில் அது ஒரு தொடக்கப்புள்ளி. இன்று நாம் பெறும் கீழ்த்தாடை ஊசியின் மூல வடிவத்தை 1884-இல் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் கொகெயினைக் கொண்டு செய்து பார்த்தார். இப்போது கொகெயின் இல்லை, லிக்னோகேயின்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் பாதி உதடு தடித்துவிட்டதுபோலத் தோன்றும். அதன்பின் கத்தி பட்டாலும் வலி இராது. ஆனால் அழுத்தம் தெரியும். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்திருந்தால் பாதி அச்சம் போய்விடும். ஈறைச் சிறிது கீறி விலக்கி, பல்லைச் சுற்றியுள்ள எலும்பைச் சுழலும் கருவியால், உப்புநீர் பீய்ச்சியபடி சற்றே அகற்றுவார்கள். பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுப்பதும் வழக்கம். எலும்பை அதிகம் அகற்றாமல் இருப்பதற்காகச் செய்யப்படுவது அது. பிறகு தையல். வலி தெரிந்தால் கையை உயர்த்துங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். கூடுதலாக ஊசி போடுவார்கள். என்னை வருத்தியது வலியன்று, ஓசை. தாடை எலும்பின் வழியாக நேரே காதுக்குள் செல்லும் அந்த 'நறநற'வென்ற ஒலிக்கு என்னை யாரும் ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை. கீழ்ப்பல்லுக்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஆகலாம். மேற்பல் பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடும்.

பல்லை எடுத்த பிறகு நோயாளியின் பொறுப்பு தொடங்குகிறது. குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் இயற்கை இடும் கட்டு. அதைக் காப்பதே முதல் நாளின் ஒரே வேலை. வாயில் வைத்த பஞ்சை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அடிக்கடி துப்பக் கூடாது. எச்சிலில் சிறிது சிவப்புக் கலந்து வருவது ஒரு நாள் வரை இயல்பே. உறிஞ்சுகுழல் வைத்து இளநீரோ பழச்சாறோ குடிக்கக் கூடாது. உறிஞ்சும் விசை கட்டியைப் பெயர்த்துவிடும். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவும் கூடாது. கன்னத்தின் மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டு வைக்கலாம். இரவில் தலையணையை உயர்த்திப் படுக்கலாம். உதடு மரத்திருக்கும் மூன்று, நான்கு மணி நேரத்தில், தெரியாமலே உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வோர் பலர். மரப்பு நீங்கிய பிறகு சாப்பிடுவதே நல்லது.

உணவைப் பொறுத்தவரை நம் ஊர்ச் சமையல் இந்தச் சிகிச்சைக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. குழைந்த தயிர்சாதம், ஆறிய கேழ்வரகுக் கூழ், இட்லியைப் பாலில் ஊறவைத்தது, மசித்த வாழைப்பழம் எல்லாம் ஏற்றவை. முதல் நாள் கொதிக்கும் ரசமும் காபியும் வேண்டாம். முறுக்கு, பொரி, மிளகாய்ப் பொடி ஆகியவை ஒரு வாரம் கழித்து. புகைத்தலும் புகையிலை போடுவதும் புண் ஆறுவதை நேரடியாகக் கெடுப்பவை. குழிக்குள் மஞ்சள்பொடி, உப்பு, கிராம்புத்தூள் ஆகியவற்றை அடைப்பதும், வலிக்கும் ஈறின் மேல் ஆஸ்பிரின் மாத்திரையை வைப்பதும் இன்னும் நம்மிடையே உள்ள பழக்கங்கள். ஆஸ்பிரின் அந்த இடத்தைச் சுட்டுப் புண்ணாக்குமே தவிர, வலியைத் தணிக்காது. ஒரு நாள் கழித்து, உணவுக்குப் பின் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்து மெதுவாக வழியவிடுவதே போதுமானது.

வீக்கம் மறுநாள் குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் கலங்கிப்போகிறார்கள். அது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்தை அடையும், அதன்பின் வடியும். வாய் முழுவதும் திறக்க ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். கன்னத்திலோ கழுத்திலோ நீலம் பூத்ததுபோல் தெரிவதும் மறைந்துவிடும். தையல் தானே கரையும் நூலாக இல்லாவிட்டால் ஏழு நாள்கள் கழித்துப் பிரிப்பார்கள். ஈறு மூடச் சில வாரங்கள். குழிக்குள் எலும்பு நிரம்பச் சில மாதங்கள்.

வலிநிவாரணியைப் பற்றி வியப்பான செய்தி ஒன்று உண்டு. புதிய வலிநிவாரணி மருந்துகளைச் சோதிக்க மருந்து ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் களம் ஞானப்பல் அறுவைச் சிகிச்சைதான். நலமான இளைஞர்கள், ஒரே வகையான சிகிச்சை, கணிக்கத்தக்க வலி என்று சோதனைக்கு வேண்டியவை எல்லாம் அங்கே உள்ளன. ஆகவே, இந்த வலிக்கு எது பயன்படும் என்பது மருத்துவத்தில் மிக நன்றாக அறியப்பட்ட செய்திகளுள் ஒன்று. இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால், தனித்தனியே கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும் என்று 2013-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும் இபுப்ரோஃபெனை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மரப்பு முற்றிலும் நீங்குவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போட்டுக்கொள்வது அறிவுடைமை. அமெரிக்காவில் நீண்ட காலம் இந்த வலிக்கு அபின் வகை மாத்திரைகள் தாராளமாக எழுதித்தரப்பட்டன. பல இளைஞர்களுக்கு வாழ்வில் முதல்முறையாக அம்மருந்து அறிமுகமானது ஞானப்பல் எடுத்தபோதுதான். அந்நாட்டுப் பல் மருத்துவச் சங்கம் ஏற்ற 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அபின் வகை அல்லாத மருந்துகளையே முதலில் தர வேண்டும் என்கிறது.

வலி நாளுக்கு நாள் குறைந்துவந்து, மூன்றாம் அல்லது நான்காம் நாளில் திடீரெனக் காதுவரை பாயும் கடுமையான வலியாகத் திரும்பினால், இரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளித்தெரிகிறது என்று பொருள். 'வறண்ட குழி' என்று இதைச் சொல்வார்கள். கீழ் ஞானப்பல்லில் இது அதிகம். உயிருக்கு ஆபத்தில்லை; ஆயினும் பொறுத்துக்கொண்டு வீட்டிலிருக்கத் தேவையும் இல்லை. மருத்துவர் குழியைக் கழுவி மருந்திட்ட கட்டை வைத்தால், ஒரு மணி நேரத்திலேயே வலி பெரிதும் தணியும். உதடு, மோவாய் அல்லது நாக்கின் ஒரு பக்கம் மரப்பு நீங்காமலிருப்பது இன்னொரு சிக்கல். நூற்றில் சிலருக்கு இது நேர்கிறது. பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகிவிடுகிறது. நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நிலைத்துவிடுகிறது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால், நோயே இல்லாத பல்லை எடுக்கப் போய் வாழ்நாள் முழுவதும் உதடு மரத்துப்போனவருக்கு அந்த விழுக்காட்டைச் சொல்லி ஆறுதல் கூற முடியாது. நோயற்ற பல்லில் தயக்கம் வேண்டும் என்று நான் கருதுவதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

நோயுள்ள பல்லில் தயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்தத் தோட்டத் தொழிலாளியின் நிலை காட்டியது. தாடைக்கடியில் பரவும் அந்தச் சீழ்த்தொற்றை 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுக்குழல் அடைபடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்குமுன், இந்நோய்க்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இறந்தனர். மருந்துக்கடையில் வாங்கும் நான்கு மாத்திரைகள் வீக்கத்தைத் தற்காலிகமாக அடக்கும். ஊற்றுக்கண்ணான பல் அப்படியே இருக்கும். விழுங்க முடியவில்லை, நாக்கின் அடிப்பகுதி தடித்திருக்கிறது, குரல் மாறுகிறது, மூச்சுத் திணறுகிறது என்றால், பல் மருத்துவமனைக்கு முன்பதிவு செய்துகொண்டிருக்கக் கூடாது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும்.

சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்கிவருகிறது. அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் மருத்துவப் பிரிவுகள் உள்ளன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், மாணவர்களின் பயிற்சிக்காகப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை கிடைக்கும். காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. தனியார் மருத்துவக் காப்பீடுகளோ, விபத்தில் பல் உடைந்தால் அன்றிப் பெரும்பாலும் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. ஆகவே செலவு முழுவதும் கைப்பணத்திலிருந்தே போகிறது. அதைவிடப் பெரிய செலவு, எந்த ரசீதிலும் வராத மூன்று, நான்கு நாள் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவருக்கு அது கிடையாது. இச்சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள்கள் குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதித்தரும் வரி, அவருக்கு எழுதித்தராத ஒரு கட்டணம். தாலுகா மருத்துவமனையிலேயே வாரம் ஒரு நாள், அதுவும் வார இறுதியை ஒட்டி, ஞானப்பல் அறுவைச் சிகிச்சை நடைபெறுமானால், பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியுமாவது மிஞ்சும்.

எடுக்க வேண்டாம் என்று முடிவானவர்களும் பல்லை மறந்துவிடலாகாது. சிறிய தலையுள்ள பல்துலக்கியால் கடைசிப் பல்லின் பின்புறத்தையும் தேய்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டி, அவர் தேவையென்று கருதினால் மட்டும் மறுபடியும் எக்ஸ்-ரே எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பழைய படம் கையில் இருக்க வேண்டும்.